ரெட் இயர்ட் ஸ்லைடர் தொட்டி: கோடையில் விசிறி, மார்கழியில் ஹீட்டர்

ரெட் இயர்ட் ஸ்லைடர் என்ற நீர் ஆமையை வளர்ப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண்கள் மூன்று. ஓடு 4 அங்குலத்தைத் தாண்டிய ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். குட்டிக்கு 26 முதல் 28. ஏறி உட்கார்ந்து காயும் மேடையில், ஆமையின் முதுகு வரும் உயரத்தில், 32 முதல் 35. இந்த மூன்றையும் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடும். பெரும்பாலும் விட்டுப்போவது நாலாவது: தண்ணீருக்கும் மேடைக்கும் நடுவே குறைந்தது 5 டிகிரி வித்தியாசம் இருந்தாக வேண்டும்.

ஆமைக்கு உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. தின்றது செரிக்க வேண்டுமென்றால் மேடையேறிக் காயும். சூடு போதுமென்றால் தண்ணீரில் இறங்கும். தேர்ந்தெடுக்க இரண்டு இடம் இருந்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தண்ணீரே 31, மேடை 33 என்றால் அதற்கு ஏறிப்போக ஒரு காரணமும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும், ஓடு காயாது, காயாத ஓட்டில் பூஞ்சையும் அழுகலும் பிடிக்கும். மேடையேறாத ஆமைக்கு யு.வி.பி. எனும் புற ஊதா வெளிச்சமும் கிடைக்காது, அதனால் டி3 வைட்டமின் குறைந்து ஓடு மெத்தென்று ஆகும். பல்பையும் மேடையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு “எங்க ஆமைக்கு மேல வரவே பிடிக்கலை” என்று சொல்லும் வீடுகளில் முதலில் தண்ணீரின் சூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. இதை வளர்ப்பது பற்றி எழுதப்பட்டதில் பெரும்பங்கு குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. அங்கே முதல் கவலை தண்ணீர் குளிர்ந்துவிடுவது. ஆகவே பட்டியலில் முதல் பொருள் ஹீட்டர். சென்னை, மதுரை, திருச்சி வீடுகளில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் பிரச்சினை நேர் எதிரானது. மார்ச் முதல் செப்டம்பர் வரை ஹீட்டரை அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணீரை எப்படி 28க்குக் கீழே பிடித்து வைப்பது என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது ஸ்லைடரைப் பற்றி மட்டும். நட்சத்திர ஆமை, பாலாமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது செல்லாது.

தெர்மாமீட்டர்

கண்ணாடியில் ஒட்டும் பட்டை தெர்மாமீட்டர் மலிவு, பார்க்கவும் அழகு. அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அறைக்காற்று. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். வயரின் நுனியில் உணர்முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் முனை தண்ணீருக்குள், ஹீட்டரும் ஃபில்டர் வாயும் இல்லாத பக்கம், பாதி ஆழத்தில். இன்னொன்று மேடையில், பல்புக்கு நேர் கீழே, ஆமையின் முதுகு உயரத்தில். முனையைத் தரையோடு ஒட்டி வைத்தால் கல்லின் சூடு வரும், கூரையில் கட்டினால் பல்பின் சூடு வரும். ஆமை படுத்தால் முதுகு எங்கே இருக்குமோ, அங்கேதான் அளக்க வேண்டும்.

புதிதாக வாங்கியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்கி, முனையை நடுவில் வைத்தால் 0 காட்ட வேண்டும். 1 வரை போகலாம். 2 காட்டினால் அந்த 2ஐ எப்போதும் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது மாற்றுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மேடைக் கல்லையும் ஆமையின் ஓட்டையும் அளக்க மிக நல்லது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே குறிவைத்தால் அது கண்ணாடியை அளந்து சொல்லும். மேலிருந்து நேராகக் குறிவைக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எதை வாங்க வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்த வாரக் கணக்கே சொல்லிவிடும். தெர்மாமீட்டருக்கு முன்னால் ஹீட்டர் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடும் வேலை.

கோடையில் சூடு எங்கிருந்து வருகிறது

வெளிக்காற்று மட்டும் காரணமில்லை. தொட்டி எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று பாருங்கள். மேற்குச் சுவர் மதியம் முழுக்க வெயிலை வாங்கிக்கொண்டு நடு இரவு வரை அறைக்குள் விடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளத்திலும் இதே கதைதான். வசதி இருந்தால் தொட்டியை வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம், கீழ்த்தளத்தில், ஃபிரிட்ஜின் பின்பக்கக் காற்று படாத இடத்தில் வையுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் ஆமைக்கு லாபமில்லை, யு.வி.பி. கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும்.

அடுத்தது ஃபில்டர் மோட்டார். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 35 வாட் பம்ப் ஒரு நாளைக்கு இழுக்கும் 0.84 யூனிட் மின்சாரம் கிட்டத்தட்ட முழுதும் கடைசியில் வெப்பமாக அந்தத் தண்ணீருக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. மே மாதத்தில் 100 வாட் ஹீட்டரின் மூன்றில் ஒரு பங்கை இரவும் பகலும் ஓடவிட்டதற்கு அது சமம். “பெரிய பம்பா இருந்தா தண்ணி சுத்தமா இருக்கும்” என்று எடுத்துக் கொடுப்பவர் இதைச் சொல்வதில்லை. 100 லிட்டர் தொட்டிக்கு 10, 12 வாட் பம்போடு நல்ல ஸ்பாஞ்சும், நல்ல பாக்டீரியா தங்கும் பயோ மீடியாவும் இருந்தாலே போதும். பெரிய தொட்டி என்றால் வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகை ஃபில்டருக்குப் போகலாம்.

மூன்றாவது, மொட்டைமாடி டேங்க். கோடையில் பிற்பகல் குழாயைத் திறந்தால் கையைச் சுடும் தண்ணீர் வருகிறது. அந்த நேரத்தில் பாதித் தொட்டியை மாற்றினால், ஹீட்டரே இல்லாமல் ஐந்தாறு டிகிரி ஏற்றிவிடலாம். தண்ணீர் மாற்றுவது விடியற்காலையில். அதைவிட நல்லது, முந்தின இரவே வாளிகளில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுவது. குளோரினும் ஓரளவு போகும், சூடும் அறையின் அளவுக்கு வந்துவிடும். ஊற்றும் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மார்கழியில் இதே விதி தலைகீழாகப் பொருந்தும். அப்போது விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், மதியம் மாற்றுவதே சரி.

தண்ணீர் 30ஐத் தாண்டினால் ஆமை உடனே சாகாது. அதற்கு முன் தொட்டி கெடும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30இல் 7.6 தான். ஆமை மூக்கை வெளியே நீட்டி மூச்சு விடுவதால் அதற்கு நேரடியாக நஷ்டமில்லை. ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்குத்தான் தட்டுப்பாடு. அதே சமயம் சூட்டில் ஆமைக்குப் பசி கூடும், கழிவு கூடும், மீந்த தீனி சீக்கிரம் அழுகும், அம்மோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். கோடையில் தண்ணீர் நாற்றம் அடிக்கிறது என்றால் ஃபில்டரைக் குறை சொல்லும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

ஐஸ் பாட்டிலா, விசிறியா

எல்லோரும் முதலில் செய்வது ஒரு லிட்டர் பாட்டிலில் ஐஸ் உறையவைத்து மிதக்கவிடுவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குறைக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் 28 டிகிரிக்கு வரும்வரை எடுப்பது சுமார் 450. ஆகவே ஒரு பாட்டிலுக்கு ஒரு டிகிரி. அதற்குள் அறையிலிருந்து சூடு மறுபடி ஏறிவிடும். 31ஐ 27ஆக்கி ஒரு மதியம் முழுக்க நிறுத்த எத்தனை பாட்டில், எத்தனை தடவை ஃபிரீஸர் என்று நினைத்துப் பாருங்கள். மேலும் பாட்டில் போட்ட பக்கம் சட்டென்று குளிரும், உருகியதும் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 30ஐவிடக் கெடுதல். ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் கொட்டுவதை நினைக்கவே வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது எடுத்துச் செல்வது சுமார் 2,400 கிலோஜூல்; ஒரு கிலோ ஐஸ் எடுப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல். மண்பானை செய்யும் அதே வேலை. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது தொட்டியின் கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை போடுவதும், தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று ஓடச் செய்வதும். 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் விசிறி இரண்டு, 12 வோல்ட் அடாப்டர் ஒன்று போதும். விசிறிகளைத் தொட்டியின் ஒரு ஓரத்தில், தண்ணீர்ப் பரப்பைச் சாய்வாக வருடிப்போகும்படி பொருத்துங்கள். நேர் கீழ்நோக்கி ஊதினால் ஓர் இடத்தில் மட்டும் குழி விழும். மேடையின் மேல் காற்று படக்கூடாது. நனைந்த ஆமை மேல் காற்றடித்தால் அது காய்வதற்குப் பதில் குளிரும். பக்கத்தில் ஒரு மேசை விசிறியைச் சாய்த்து வைத்தாலும் வேலை நடக்கும்.

எவ்வளவு குறையும் என்பது ஊரைப் பொறுத்தது. ஒரு சின்னச் சோதனை செய்யலாம். தெர்மாமீட்டரின் முனையில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி விசிறிக்கு முன் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அது இறங்கி நிற்கும் எண்தான் அன்றைக்கு உங்கள் வீட்டில் விசிறியால் எட்டக்கூடிய அடிமட்டம். தொட்டி அதைவிட இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிற்கும். காற்று 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று இருக்கும் வேலூர் மாதிரி கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் அந்த எண் 24ஐ ஒட்டி வரும். விசிறி அங்கே அருமையாக உழைக்கும். காற்று 34, ஈரப்பதம் 65 என்று புழுங்கும் கடலோரச் சென்னையில் அந்த எண்ணே 28. அங்கே விசிறி தண்ணீரை 30, 31இல் பிடித்து வைத்தாலே அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட இடத்தில் பம்ப் வாட்டைக் குறைப்பதும், தொட்டியைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோவதும், தண்ணீரின் அளவைக் கூட்டுவதும்தான் கைகொடுக்கும். 300 லிட்டர் தொட்டி மதிய வெயிலுக்கு மெதுவாகத்தான் ஏறும். பொம்மைப் பனைமரம் வைத்த சின்ன பிளாஸ்டிக் ஆமைக் கிண்ணம் அரைமணியில் ஏறிவிடும். அந்தக் கிண்ணத்தில் எந்தக் கருவியை வைத்தும் சூட்டைச் சமாளிக்க முடியாது.

விசிறி ஓடினால் தண்ணீர் குறையும். தினம் ஒன்றிரண்டு லிட்டர் போவது சாதாரணம். குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால், போர் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கி, கண்ணாடியில் வெள்ளைக் கோடு படியும். வாராவாரம் கால்வாசியை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவதை இதற்காக நிறுத்தக்கூடாது.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் ஆமைக்கு அவசியமில்லை. விலையும் அதிகம், தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அதே அறைக்குள் விடும்.

ஏ.சி. அறைக்கு மட்டும் கணக்கே வேறு. 24இல் வைத்த அறையில் மூடியில்லாத தொட்டி 22 வரை இறங்கும், காரணம் அதே ஆவியாதல்தான், ஏ.சி. காற்று வறண்டது வேறு. பகலில் ஏ.சி. நின்றதும் 30. ஒரே நாளில் இப்படி 8 டிகிரி ஆடும் தொட்டியில்தான் சளி பிடிக்கும். ஏ.சி. அறையில் தொட்டி வைத்தே தீர வேண்டும் என்றால், கத்திரி வெயிலிலும் அதற்கு 25க்கு வைத்த ஒரு ஹீட்டரும் மூடியும் தேவை. கூடத்துக்கு மாற்றிவிடுவது சுலபம்.

மேடைக்கு மேலே

மேடைப் பல்ப் சூடு தர வேண்டும். எல்.இ.டி. பல்ப் எத்தனை வாட் போட்டாலும் இதற்கு உதவாது. பழைய குண்டு பல்ப் கிடைத்தால் 40 அல்லது 60 வாட். இல்லையென்றால் 35, 50 வாட் ஹாலஜன். பீங்கான் ஹோல்டர் போடுங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஆரம்பித்து, ஒரு மணி நேரம் எரியவிட்டு அளந்து, 2 சென்டிமீட்டராக இறக்கிக்கொண்டே வந்து 33இல் நிறுத்துங்கள். மேடையின் ஒரு மூலை மட்டும் 33, மறுமூலை 29 என்று இருந்தால் இன்னும் நல்லது. பல்பைக் கட்டியிருக்கும் கிளிப்பை மட்டும் நம்பாமல் ஒரு கம்பியாலும் கட்டுங்கள். சூடான கண்ணாடி தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும்.

அறையே 34 இருக்கும் மே மாதத்தில் பல்பு எதற்கு என்று அணைத்துவிடுவார்கள். அணைத்தால் மேடையும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அதைவிட நேரத்தை மாற்றுங்கள். அறை குளிர்ச்சியாக இருக்கும் காலை ஆறிலிருந்து பத்து வரை எரியட்டும், கொதிக்கும் நேரத்தில் ஓய்வு, மாலை ஐந்துக்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம். யு.வி.பி. டியூப் மட்டும் வழக்கம்போலப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரியலாம். அது சூடு தருவது கொஞ்சம்தான். ஒரு வருஷத்தில் அதை மாற்றிவிட வேண்டும். பார்க்க எரிந்துகொண்டேதான் இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும்.

ஆமை சரியாகக் காய்கிறதா என்பது அதன் உடம்பிலேயே தெரியும். பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விசிறி மாதிரி விரித்து, கழுத்தை முழுசாக வெளியே விட்டுக் கண்ணை மூடியிருந்தால் சூடு பொருத்தம். ஏறிய ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்தபடி விளிம்புக்கு நகர்ந்தால் பல்பு ரொம்பக் கிட்டே இருக்கிறது. மணிக்கணக்கில் இறங்காமல் பல்புக்கடியிலேயே கிடந்தால் தண்ணீர் அதற்குக் குளிர்கிறது.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலை எட்டு மணிக்கு முன் பால்கனி வெயிலில் அரைமணி விடுவது நல்லது. பாதிக்கு மேல் நிழல் இருக்கிற அகலமான டப்பா வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். அரை டப்பா தண்ணீரோடு வெயிலில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்க உள்ளே போனால் அந்தத் தண்ணீர் 40ஐத் தொட அதிக நேரம் ஆகாது. காக்கையும் சும்மா இருக்காது.

ஹீட்டர் எப்போது, எத்தனை வாட்

சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 20, 21 வரை இறங்கும். கோவையில் இன்னும் இரண்டு மூன்று குறைவு. மூடிய வீட்டுக்குள் தண்ணீர் 23, 24 வரை வரலாம். பெரிய ஆமைக்கு அது பெரிய விஷயமில்லை. குட்டிக்கும், நோயுள்ள ஆமைக்கும் ஹீட்டர் வேண்டும்.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. அறையைவிட 5 டிகிரி ஏற்றிப் பிடிக்க அது சரி. சமவெளி ஊர்களில் நமக்குத் தேவை 2, 3 டிகிரிதான். 100 லிட்டருக்கு 50 வாட் போதும். சூடு இழப்பே இல்லை என்று வைத்தாலும் 100 வாட் ஹீட்டர் 100 லிட்டரை 1 டிகிரி ஏற்ற ஒரு மணி பத்து நிமிடம் எடுக்கும். போட்டு அரைமணியில் “சூடே ஏறலை” என்று திருகை 34க்குத் திருப்புவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபரீதம். ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

வாட் அதிகமாக இருந்தால் என்ன, தெர்மோஸ்டாட் நிறுத்திவிடுமே என்று கேட்கலாம். மலிவான ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது வளைந்து நிமிரும் ஒரு உலோகத் தகடு. நாளாக ஆக அதன் தொடுமுனை தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் ஹீட்டர் நிற்காது. அறை 26 என்றால், 50 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டாலும் 100 லிட்டர் தொட்டி 30ஐ ஒட்டித்தான் போகும். 200 வாட் என்றால் 35ஐத் தாண்டிவிடும். குறைந்த வாட் என்பதே முதல் பாதுகாப்பு.

இரண்டாவது பாதுகாப்பு, வெளியே வைக்கும் கன்ட்ரோலர். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எஸ்.டி.சி-1000 என்ற பெயரில் கிடைக்கும். அதன் உணர்முனையைத் தண்ணீரில் விட்டு, ஹீட்டரின் சொந்தத் திருகை 28இல் வைத்துவிட்டு, கன்ட்ரோலரில் எஃப்1ஐ (வேண்டிய சூடு) 26க்கும் எஃப்2ஐ (எவ்வளவு விலகலாம்) 1.0க்கும் வைக்க வேண்டும். எஃப்4 அளவுத் திருத்தத்துக்கு. ஐஸ் சோதனையில் வந்த பிழையை அங்கே ஏற்றலாம். இதில் சூடாக்க ஒரு ரிலே, குளிர்விக்க ஒரு ரிலே என இரண்டு உண்டு. ஒன்றில் ஹீட்டர், மற்றதில் விசிறி என்று கொடுத்துவிட்டால் பருவம் மாறும் மாதங்களில் கை வைக்கவே வேண்டாம். வயரிங் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து மூடிய பெட்டிக்குள் பொருத்துங்கள். உணர்முனை நழுவித் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் கன்ட்ரோலர் அறைக்காற்றை அளந்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஹீட்டர் திருகை 28இல் வைக்கச் சொன்னது அதற்காகத்தான். ஆமை இழுக்காதபடி முனையை ஒரு குழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள்.

மீன் தொட்டி ஹீட்டர் மீனுக்காகச் செய்தது. ஆமை அதன் மேல் ஏறும், இடிக்கும், வயரைக் கடிக்கும். கண்ணாடி ஹீட்டர் என்றால் கூடு கட்டாயம். 2 அங்குல பி.வி.சி. குழாயில் சுற்றிலும் நெருக்கமாகத் துளை போட்டு, ஓரங்களைத் தேய்த்துவிட்டு, ஹீட்டர் குழாயின் சுவரில் படாமல் நடுவில் நிற்கும்படி செருகினால் நல்ல கூடு. துளை குட்டியின் தலை நுழையாத அளவில் இருக்கட்டும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வரும் பாதையில், தரையோடு படுக்கைவாக்கில் வைத்தால் சூடு தொட்டி முழுக்கப் பரவும். தண்ணீர் குறைந்தாலும் வெளியே தெரியாது. செங்குத்தாக வைத்த ஹீட்டரின் மேல்பாகம் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்து, பிறகு தண்ணீர் பட்டதும் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பிறகுதான் தண்ணீரை இறக்க வேண்டும்.

விரிசல் விட்ட ஹீட்டர் என்றால் தண்ணீரில் கரண்ட். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள். எர்த் உள்ள மூன்று முனை பிளக் வேண்டும். எல்லா வயரும் பிளக் பாயின்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். வழிந்துவரும் சொட்டு அந்தத் தொங்கலில் கீழே விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது. கையைத் தண்ணீரில் விடும் முன் பிளக்கைப் பிடுங்குவது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும்.

குளிக்க வெந்நீர் போடும் ராடை “ரெண்டே நிமிஷம்தான்” என்று தொட்டியில் வைக்கும் வீடுகள் உண்டு. 1500 வாட் ராடு 20 லிட்டர் தண்ணீரை ஒரு நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றும். ஆமையோடு வைத்தால் தீக்காயம், கையை விட்டால் ஷாக். ஆமையை வெளியே எடுத்துவிட்டுத் தனி வாளியில் வெந்நீர் போட்டுக் கலந்துகொள்வதில் தவறில்லை. கலந்தபின் தெர்மாமீட்டரால் அளந்துவிட்டு விடுங்கள். முழங்கையை விட்டுப் பார்ப்பது குழந்தைக் குளியலுக்குச் சரி, இதற்குப் போதாது.

மலையில்

ஊட்டி, கொடைக்கானல், குன்னூர் வீடுகளில் அறையே 13, 14 டிகிரிக்கு வரும் மாதங்கள் உண்டு. 10க்குக் கீழே போனால் ஆமை உறைதூக்கத்துக்குப் போகும். 20க்கு மேல் இருந்தால் தின்று செரிக்கும். நடுவில் உள்ள 12 முதல் 18 வரைதான் மோசமானது. முழுசாகத் தூங்கவும் செய்யாது, தின்றதைச் செரிக்கவும் முடியாது. சேர்த்துவைத்த கொழுப்பை மெல்ல எரித்து இளைக்கும், நோய் எதிர்ப்பும் படுத்துவிடும். “குளிர்ல சோம்பலா இருக்கு” என்று விட்டுவிடுகிற ஆமை பெரும்பாலும் இந்த நிலையில் இருப்பதுதான். வீட்டுத் தொட்டியில் உறைதூக்கத்துக்கு விட முயலாதீர்கள்.

அங்கே 11, 12 டிகிரி ஏற்ற வேண்டும் என்பதால் லிட்டருக்கு 2 வாட். 100 லிட்டருக்கு ஒரே 200 வாட்டுக்குப் பதில் இரண்டு 100 வாட் ஹீட்டர்களைத் தொட்டியின் இரு முனையிலும் வையுங்கள். ஒன்று செத்தால் மற்றது ஓரளவு காப்பாற்றும்; ஒன்று ஒட்டிக்கொண்டாலும் கொதிக்காது. தொட்டியின் பின்புறமும் இரு பக்கமும் அடியிலும் ஒரு அங்குலத் தெர்மாகோல் ஒட்டினால் ஹீட்டர் ஓடும் நேரம் கண்ணெதிரே குறையும். மேலே மூடி போடுங்கள், ஆனால் பல்புப் பக்கம் காற்று வழி இருக்கட்டும். தண்ணீர் 26, அதற்கு மேலே உள்ள காற்று 14 என்றால் ஆமை மூக்கை வெளியே நீட்டும் ஒவ்வொரு தடவையும் பனிக்காற்றை இழுக்கிறது. சளிக்கு அதுவே வழி. மூடிக்குக் கீழே உள்ள காற்றும் தண்ணீரின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்

இன்வெர்ட்டரில் முதலில் ஃபில்டரைக் கொடுங்கள். தண்ணீர் நிறைந்த தொட்டி மெதுவாகத்தான் சூட்டை இழக்கும்; ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சுமுட்டத் தொடங்கும். கோடையானால் அடுத்த இடம் விசிறிக்கு, அது இழுப்பதும் ஐந்து வாட்தான். குளிர் மாதம் என்றால் தொட்டியைச் சுற்றிக் கனமான போர்வையைப் போர்த்துங்கள். கரண்ட் வராத நாளில் தீனி வேண்டாம்.

மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு, விசில் மாதிரி சத்தம், நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்வது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். தண்ணீரை நாளுக்கு 1, 2 டிகிரியாக ஏற்றி 28க்குக் கொண்டுவாருங்கள், மேடையை 34இல் வையுங்கள், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே பேசுங்கள். சூட்டை ஏற்றுவது அதன் எதிர்ப்புச் சக்தி வேலை செய்ய மட்டுமே, மருந்து தனி. வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையைப் பொடித்துப் போடுவது, வெந்நீரில் விட்டு “சூடு ஏத்துவது” இரண்டும் ஆமையைக் கொல்லும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை நாளாக என்பதாகத்தான் இருக்கும். அந்தக் காலை ஆறு, மதியம் மூன்று கணக்கு எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.